லோடு ஏற்றிப் பார்த்த மிக்சர்

செலியமேட்டில் வீரமணியைக் கேட்காமல் யாரும் மோட்டார் வாங்க மாட்டார்கள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் பம்புசெட் எதுவானாலும் தொட்டியில் இறக்கி ஓடவிட்டு, முதுகில் கைவைத்துச் சூடு பார்த்த பிறகுதான் தலையாட்டுவார். "லோடு ஏத்தாம எந்த மோட்டாரையும் நம்பாத" என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். அப்பேர்ப்பட்ட மனுஷன், பெண்டாட்டிக்கு மாவு பிசையும் மிக்சர் வாங்கப் பாண்டிக்கு வந்த இடத்தில், ஒரு அட்டைப்பெட்டியின் மேலிருந்த எண்ணைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார்.

"ஆயிரத்தி ஐநூறு வாட்டு, செல்வி. ரெண்டு எச்பி வருது. நம்ம வூட்டு மோட்டாரே ஒண்ணுதான். இதையே எடுத்துக்கலாம்."

செல்வகுமாரி காலடியில் இருந்த கட்டைப்பையைக் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷமாக வீட்டில் ரொட்டி சுடுகிறாள். பாகூர் வரைக்கும் பெயர் போய்விட்டது. போன வாரம், கடற்கரைப் பக்கம் காப்பிக்கடை வைத்திருக்கும் உஷாராணி ஒரு துண்டு தின்றுவிட்டு, சனிக்கிழமை தவறாமல் இருபது ரொட்டி வேண்டும் என்றாள். இந்தச் சனிக்கிழமையே ஆரம்பம். செல்வகுமாரியும் சரி என்று சொல்லிவிட்டாள். அவளுடைய வலது மணிக்கட்டுதான் சரி என்று சொல்லவில்லை. ஐந்து கிலோ மாவை மூன்று பங்காகக் கையால் பிசைந்தால், இரண்டாவது பங்கிலேயே விரல் மரத்துப்போகிறது. புருஷனிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வைத்திருந்தாள். உண்மை தெரிந்தால் "அப்ப ரொட்டிய வுட்டுடு" என்பார். பாசத்தில்தான் சொல்வார், அதுதான் வம்பே. பாசத்தோடு யார் சண்டை போடுவது?

கடையில் சேவியர் என்ற விற்பனையாள் ஆயிரத்து ஐநூறு வாட்டு மிக்சரில் க்ரீம் அடித்துக் காட்டினான். இரண்டே நிமிஷத்தில் க்ரீம் நுரைத்து நின்றது. வீரமணிக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ தானே அடித்த மாதிரி.

"க்ரீம் என் கைக்கே அடங்கும் தம்பி. எனக்கு மாவுக்குத்தான் மெஷினு வோணும்" என்று செல்வகுமாரி பைக்குள்ளிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். உள்ளே ஈஸ்ட் போடாமல் தண்ணீர் மட்டும் விட்டுக் கிளறிய ரொட்டி மாவு, இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும்.

"அக்கா, கடையில இதெல்லாம் போட மாட்டோங்க்கா."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. லோடு ஏத்தாம மோட்டாரு வாங்கலாமா?"

ஊருக்கெல்லாம் சொன்ன பேச்சை அவர் எப்படி மாற்றுவார்? "போடு தம்பி" என்றார், அரைமனதாக.

முதல் நிமிஷம் ஒழுங்காக ஓடியது. இரண்டாவது நிமிஷம் மிக்சரின் தலை ஆடத் தொடங்கியது. மூன்றாவது நிமிஷம் அது மேசைமேல் நடந்தே போனது. சேவியர் பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். கருகல் வாடை வரவே சுவிட்சை அணைத்தான்.

"மெஷினு மேல தப்பில்லண்ணே, மாவுதான் ரொம்ப கெட்டி. கொஞ்ச நேரம் கையால பெசஞ்சிட்டுப் போட்டா ஓடும்."

"அவ்ளோதான? குடு" என்று வீரமணி சட்டைக்கையை மடித்துவிட்டார். "மாவு பெசையறது ஒரு வேலையா?"

கரும்புக் கட்டைத் தலைக்குமேல் தூக்கி டிராக்டரில் எறிகிற கை. மூன்று நிமிஷத்தில் நெற்றி வேர்த்தது. ஐந்து நிமிஷத்தில் பேச்சு நின்றது.

"இன்னும் எத்தினி நேரம்?"

"இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் இதே மாதிரி இன்னும் ரெண்டு வாட்டி."

அவர் கையை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தார். வளையலுக்குக் கீழே கட்டு தெரிந்தது.

"இது வழுக்கி வுழுந்தது இல்ல, இல்ல?"

"இல்ல."

செல்வகுமாரி கட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். இப்போது "வுட்டுடு" என்று சொல்லப்போகிறார். சேவியர் முன்னாலேயே சொல்லப்போகிறார். இருபது ரொட்டியும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

வீரமணி சேவியர் பக்கம் திரும்பினார். "அந்த மூலையில இருக்கே, அத்த எடு."

அது எண்ணூறு வாட்டுதான், அதனால்தான் அவர் முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரும்பு உடம்பு. தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மாவைப் போட்டதும் மெதுவாக முனகிக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு அசையாமல் பிசைந்தது. பத்து நிமிஷத்தில் மாவு பாத்திரத்தில் ஒட்டாமல் பந்தாகத் திரண்டு வந்தது. வீரமணி மோட்டாரின் முதுகில் கைவைத்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"இது காட்டறதுக்கு வெச்சிருக்கற பீசுண்ணே, குடுக்க முடியாது. புதுசு திங்கக்கெழமதான் வரும்" என்றான் சேவியர்.

அன்றைக்கு வியாழன். செல்வகுமாரி போனை எடுத்தாள். "உஷாராணி கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

"போன உள்ள வையி. நா எதுக்கு இருக்கேன்?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீரமணி கரும்புக்கொல்லையிலிருந்து நேராக வந்து, குளித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மேசை முன்னால் நின்றார். செல்வகுமாரி நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் மாவு பிசையும் நேரத்தில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"மொதல்ல ஸ்பீடு ஒண்ணுல வைங்க. மெதுவா. ம், இப்ப ரெண்டுல."

அவள் சொன்னபடி அவரும் ஓடினார். இரண்டாவது பங்கு முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். செல்வகுமாரி எழுந்துபோய் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னா, மோட்டாரு சூடாயிடுச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "இத்தினி நாளா எங்கிட்ட சொல்லலியேடி."

"சொன்னா வுட்டுடுன்னு சொல்லுவீங்க."

வீரமணி விரலில் ஒட்டிய மாவை வழித்தெடுத்தார்.

"ஆமா, சொல்லித்தான் இருப்பேன்" என்று ஒப்புக்கொண்டு, மூன்றாவது பங்கைத் தன் பக்கம் இழுத்தார்.