முன் சீட்டில் ஒரு துண்டு

மகளைக் கூட்டிவரக் கிளம்பிய அன்று காலையில் கார் இன்னும் கொஞ்சம் சின்னதாகியிருந்தது. குற்றாலிங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனி வெயிலில் சின்னக் கார்கள் சுருங்கத்தான் செய்யும். ஒரு மழை பெய்தால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

ரிவர்ஸ் கியர் விழவில்லை என்று போனபோது, "முன்னால போகத்தான அண்ணாச்சி வண்டி வாங்கினிய?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவரும் அதே மெக்கானிக்தான். யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவது குற்றாலிங்கத்தின் பழக்கம்.

மற்றபடி நல்ல கார். நல்ல மைலேஜ். கோமதி காலேஜில் படிக்கும்போது வாங்கியது. பாளையங்கோட்டை மைதானத்தில் அவள் ஓட்டிப் பழகியது இதில்தான். கிளட்ச் ரப்பர் தேய்ந்தது அவள் காலால்தான்.

கோமதி இப்போது ஓசூரில் இருக்கிறாள். கல்யாணமாகி மூன்று வருஷம். அந்த வீட்டில் அவளுக்கு உட்கார இடமில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்வதல்ல. மணவறையில் உட்கார்ந்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு நின்றுகொண்டேதான் இருக்கிறாள். நின்றுகொண்டே சமைக்கிறாள், நின்றுகொண்டே சாப்பிடுகிறாள், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி தூங்குகிறாள்.

முதல் வருஷம் அவள் போனில் சொன்னபோது, "புது எடம்லா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார் குற்றாலிங்கம். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். இந்த வாரம் அவள் எதையும் விளக்கவில்லை. "அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அட்ஜஸ்ட் என்கிற வார்த்தையை இனிமேல் வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

செண்பகம் முன் சீட்டைத் துடைத்து, பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டை அதன்மேல் விரித்தாள்.

"இது அவளுக்கு. யாரு கேட்டாலும் குடுத்துராதிய."

"துண்டு போட்ட எடத்துல யாரு உக்காருவா?"

"ஒங்களத் தெரியாதா எனக்கு."

அவள் கூட வரவில்லை. பெண் வந்ததும் உட்கார வீட்டில் ஒரு நாற்காலியைத் துடைத்து வைக்க வேண்டும். நாற்காலி துடைக்கிற வேலை லேசானதல்ல, முந்தாநாளே ஆரம்பித்துவிட்டாள்.

குற்றாலிங்கத்துக்குத் துண்டின் மேல் முழு நம்பிக்கை இருந்தது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்தே வாழ்க்கையை ஓட்டியவர் அவர். துண்டு கிடக்கிற சீட்டில் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த நாட்டில் யாரும் மீறாத சட்டம் அது ஒன்றுதான்.

ஆனால் பெண்ணைக் கூட்டிவரத் தகப்பன் தனியாகப் போகக் கூடாது. எடுத்துப் பேச நாலு பேர் கூட வர வேண்டும். செண்பகத்தின் தம்பி ஆவுடையப்பன் வாசலிலேயே பின் சீட்டில் ஏறிக்கொண்டான். கல்யாணப் பேச்சையும் அவன்தான் பேசி முடித்தான். இப்போது இதையும் பேசி முடிப்பதாகச் சொன்னான்.

கோவில்பட்டி பைபாஸில் சித்தப்பா ஒருவர் மஞ்சள் பையோடு நின்றிருந்தார். அவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியதில்லை. விருதுநகரில் ஒரு அத்தையும் மாமாவும் நின்றார்கள். மதுரைச் சுற்றுச்சாலையில் ஒரு குடும்பமே வரிசையாக நின்றது. எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "நம்ம பிள்ளைக்கு ஒண்ணுன்னா வராம இருக்க முடியுமா? கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினார்கள். தள்ளியவர்கள் தள்ளிய அளவுக்கு ஒடுங்கினார்கள். திண்டுக்கல் வருவதற்குள் ஆவுடையப்பன் தட்டையாகிக் கதவோடு ஒட்டிக்கொண்டான். குரல் மட்டும் அப்படியே இருந்தது. சித்தப்பா இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மடிந்து அத்தையின் மடியில் இருந்தார். யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் டீ குடிக்கக்கூட யாரும் இறங்கவில்லை. இறங்கினால் இடம் போய்விடும்.

முன் சீட்டைப் பார்த்து ஏக்கப் பெருமூச்சு விட்டார்களே தவிர, யாரும் கை வைக்கவில்லை. துண்டு கிடந்தது.

சுங்கச்சாவடியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"முன்னாடி யாரு?"

"என் மக."

அவர் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேச மாட்டாங்களா?"

"கூட்டிட்டு வந்ததுக்கு அப்புறம் பேசுவா."

"களைப்பா இருக்காங்க. பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று கம்பைத் தூக்கிவிட்டார். மூன்று வருஷத்தில் கோமதியைப் பற்றி அக்கறையாக ஒரு வார்த்தை சொன்ன வெளியாள் அவர்தான். குற்றாலிங்கத்துக்குத் திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ரிவர்ஸ் இல்லாததால் போகவில்லை.

திண்டுக்கல் தாண்டியதும் பச்சைப் பலகையில் ஓசூர் தூரம் என்று போட்டிருந்தது. கரூரில் அதைவிடத் தூரம் என்று போட்டிருந்தது. நாமக்கல்லில், 'ஓசூர்: விசாரித்துச் சொல்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. குற்றாலிங்கம் நிதானமாக இடதுபக்கமே ஓட்டினார். லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் கார் மரியாதையாகக் கொஞ்சம் குறுகியது.

தொப்பூர் கணவாயில் ஏறும்போது போன் வந்தது.

"எங்கப்பா வர்றீங்க?"

"தொப்பூர் வந்துட்டோம்மா."

"எனக்கு எடம் இருக்காப்பா?"

"துண்டு போட்டு வச்சிருக்கேன்."

"எந்தத் துண்டு?"

"பச்சக் கரத் துண்டு. ஒங்கம்மா விரிச்சா."

"கால் ரொம்ப வலிக்குதுப்பா" என்றாள்.

சின்ன வயதில் காய்ச்சல் என்றால்கூட வாய் திறந்து சொல்லாத பெண். குற்றாலிங்கத்துக்குக் கண்ணீர் மளமளவென்று இறங்கியது. ரோடு தெரியவில்லை. கை தன்பாட்டுக்கு நீண்டு பக்கத்துச் சீட்டில் கிடந்த துண்டை எடுத்தது. முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது முன் சீட்டில் சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருந்தார்.

கோமதியின் மாமியார். பட்டுப்புடவை கட்டி, சீட் பெல்ட்டும் போட்டிருந்தார். கார் எங்கேயும் நிற்கவில்லை.

"துண்டு இல்ல, அதான் யாரும் வரலையாக்கும்னு உக்காந்தேன்" என்றார்.

குற்றாலிங்கம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போனார். "எங்க போறிய சம்பந்தியம்மா?"

"எங்க வீட்டுக்குத்தான். நீங்க?"

"ஒங்க வீட்டுக்குத்தான்."

"நல்லதாப் போச்சு."

குற்றாலிங்கம் பின்னால் திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தார். எடுத்துப் பேசத்தானே அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். ஆவுடையப்பன் கதவிலிருந்து கொஞ்சம் உரிந்து வந்து அவர் காதில் சொன்னான்.

"மாப்பிள்ள வீட்டுக்காரவ அத்தான். எந்திரிங்கன்னு எப்படிச் சொல்ல? சொல்லிட்டு அங்க போயி என்னத்தப் பேச?"

"அது கோமதி எடம் மாப்ள."

"நீங்கதான துண்ட எடுத்திய?"

அத்தை, போனால் போகிறது என்கிற மாதிரி மூக்கை உறிஞ்சினாள். குற்றாலிங்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டினார். வழி முழுக்க, ஓசூர் வந்ததும் சம்பந்தியம்மாள் இறங்கிவிடுவார், இறங்கித்தானே ஆக வேண்டும், அவர் வீடுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் ஓசூர் சட்டென்று வந்துவிட்டது.

கோமதி கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். காலேஜுக்குக் கொண்டுபோன பை கையில் இருந்தது. மெலிந்து போயிருந்தாள். பாதங்கள் மட்டும் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் வாசல் வழியாக வீட்டின் ஹால் தெரிந்தது. ஹால் நிறைய நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிடந்தது. உட்கார ஆள்தான் யாரும் இல்லை.

காரை நிறுத்தினார். சம்பந்தியம்மாள் இறங்கவில்லை.

"வீடு வந்துட்டு சம்பந்தியம்மா."

"வரட்டும். எறங்குனா யாராவது உக்காந்துக்கிடுவாக. ஒங்க ஊரயும் ஒருதடவ பாத்துட்டு வாரேன்."

நாலு பேரும், அவர்களுக்கு மேல் வந்தவர்களும் பேச ஆரம்பித்தார்கள். இறங்காமலே, ஜன்னல் வழியாகப் பேசினார்கள். எல்லாம் சரியாகப் போகும் என்றார் மாமா. குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றது அத்தை மடியில் இருந்த சித்தப்பாவின் குரல். ஆவுடையப்பன் ரொம்ப நன்றாகப் பேசினான். அவன் பேசப் பேச சம்பந்தியம்மாள் தலையை ஆட்டி ரசித்தார்.

கோமதி கேட்டைத் திறந்துகொண்டு அப்பா பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"துண்டு போட்டுத்தாம்மா வச்சிருந்தேன்."

"தெரியுதுப்பா."

"ஒரு நிமிசம்... கண்ணத் தொடைக்க எடுத்தேன்."

"அழுதீங்களா?"

பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. காருக்குள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஹாரன் நிற்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் வாயில் எப்போதும் தயாராக இருந்தது ஒன்றுதான். வேண்டாம் வேண்டாம் என்று பல்லைக் கடித்தார். அது பல்லிடுக்கு வழியாக வந்துவிட்டது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

கோமதி தலையாட்டினாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். "பாத்துப் போங்கப்பா, தொப்பூர் எறக்கத்துல மெதுவாப் போங்க" என்றாள். உள்ளே போய் கேட்டைச் சாத்தினாள். எப்போதும் இரண்டு மூன்று தடவை இருமும் கார் அன்றைக்கு ஒரே சாவியில் கிளம்பிவிட்டது.

"தங்கமான பிள்ள" என்றார் சம்பந்தியம்மாள்.

குற்றாலிங்கம் கண்ணாடியைப் பார்த்தார். கேட்டுக்குப் பின்னால் கோமதி பையோடு நின்றுகொண்டிருந்தாள். கிருஷ்ணகிரி வந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். தர்மபுரி வந்தது. கண்ணாடியில் பின்னால் போன லாரிகளும் புளியமரங்களும் முறைப்படி சின்னதாகிக்கொண்டே போயின. அவள் மட்டும் சின்னதாகவில்லை.

"கண்ணாடியக் கொஞ்சம் திருப்பி வைங்க அத்தான், எடஞ்சலா இருக்கும்லா" என்றான் ஆவுடையப்பன்.

தொப்பூர் இறக்கத்தில் மெதுவாகப் போக கிளட்சை மிதித்தார். தேய்ந்த ரப்பர் காலில் வழுக்கியது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது.

"மாப்ள, வண்டியத் திருப்பணும்."

"என்னத்த மறந்திய?"

"என் சீட்டு இருக்குல்லா. இதுல அவ உக்காந்திருக்கலாம்லா. அவளுக்கு ஓட்டத் தெரியும். நான் எறங்கி அங்க நின்னிருப்பேன்."

காருக்குள் எல்லோரும் அதைப் பற்றி யோசிப்பது போல லேசாக நெளிந்தார்கள்.

"நீங்க எப்படி அத்தான் நிப்பிய? ஒங்களுக்கு மூட்டு வலில்லா."

"நிப்பேன்."

"அதெல்லாம் அங்கயே தோணியிருக்கணும்" என்றாள் அத்தை. அவள் சொன்னது நியாயம்தான்.

கியரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். விழவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார், கெஞ்சினார், திட்டினார். விழவில்லை. வழி நெடுகச் சாலைக்கு நடுவில் சிமெண்டுத் தடுப்பு. அரளிச்செடிகள் பூத்திருந்தன. வண்டி திரும்பும் இடத்துக்கு அம்புக்குறி போட்டுப் பலகை வைத்திருந்தார்கள். சேலத்தில் பார்த்தார், மதுரையில் பார்த்தார். எல்லாப் பலகையிலும் திரும்பும் இடம் என்று பாளையங்கோட்டையில் அவர் தெருவைத்தான் போட்டிருந்தது.

வீட்டு வாசலில் செண்பகம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் துடைத்த நாற்காலி பளபளத்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி, கை காலை உதறி, பழைய அளவுக்கு வந்தார்கள். சித்தப்பாவை அத்தை விரித்து நிறுத்தினாள். சம்பந்தியம்மாள் நேராக உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

செண்பகம் காரிடம் வந்தாள். முன் சீட்டைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். அவரைக் கேட்டிருக்கலாம், ஏசியிருக்கலாம். துண்டை எடுத்து உதறி, முன் சீட்டில் மறுபடி விரிக்க அந்தப் பக்கம் போனாள். அதற்குள் அந்தப் பக்கம் கதவு இல்லை. முன் சீட்டும் இல்லை. கார் சுருங்கி அவர் அளவுக்கு வந்திருந்தது.

"எறங்குங்க. நான் பஸ்ஸுலயாவது போயி அவளக் கூட்டிட்டு வாரேன். நீங்க எறங்கி பீரோ சாவியக் குடுங்க, துட்டு எடுக்கணும்."

"எறங்கத்தான் பாக்கேன் செண்பகம்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது, கூரை தலையில் இடித்தது. தோள் இரண்டும் இரண்டு பக்கமும் தகரத்தைத் தொட்டன. நிற்க வேண்டும், ஒரே ஒரு தடவை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அவர் உடம்பெல்லாம் துடித்தது. முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

கண்ணாடியில் கோமதி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றாள்.