உதட்டில் சொன்ன கிழமை

"இன்னைக்கு என்ன கிழமைங்கய்யா?" என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். "செவ்வாய்" என்றார் அவர், பரீட்சையில் பாஸான பையனைப் போல. டாக்டரும் காகிதத்தில் ஒரு டிக் போட்டாள்.

ஒன்றரை வருஷமாக இதுதான் அவர்கள் குடித்தனம். பேச்சைப் பாதியில் தொலைத்துவிட்டு அவர் திருதிருவென விழிப்பார், மீதியை இவள் சொல்லி முடிப்பாள். யாராவது படியேறி வந்தால், "அடடே, உங்க பழைய சூப்பர்வைசர் வந்திருக்காரு பாருங்க" என்று முந்திக்கொண்டு ஆள் யாரென்று அவர் காதில் போட்டுவிடுவாள். மாதம் ஒருமுறை வரும் மகனே, "அப்பா கல்லு மாதிரி இருக்காரு" என்று மெச்சிவிட்டுப் போவான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். "இதய ஆபரேஷன் முடிஞ்சதும் வயசானவங்களுக்குச் சில சமயம் புத்தி குழம்பிடும்மா. ஏற்கெனவே மறதி இருந்தா ரொம்பவே வரும். அந்த மாதிரி ஆளுங்களுக்கு முதல் ரெண்டு நாள் லேசா தூங்க வைக்கிற மருந்து ஓட விடுவோம். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது, குறைய வாய்ப்பிருக்கு. சும்மா எல்லாருக்கும் குடுத்தா பிரஷர் இறங்கிடும், அதான் கேக்கறேன். வீட்ல மறதி ஏதாச்சும் உண்டா?"

முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் இவள் உண்மையைச் சொன்னதால்தான், "இந்த நிலைமைல ஆபரேஷன் வேணுமான்னு யோசிங்க" என்று கையை விரித்தார்கள். இதயத்தில் மூன்று ரத்தக்குழாயில் அடைப்போடு மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு என்னத்தை யோசிப்பது?

"மறதியா? இவருக்கா? நான் போன வருஷம் போட்ட சண்டையக்கூட வரி பிசகாம சொல்லுவாரு" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை, பார்வையாளர் நேரத்தில் அவளையும் மகனையும் ஐ.சி.யூ.வுக்குள் விட்டார்கள். இருவருக்கும் பச்சைக் கவுன், தலைக்குத் தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க். அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். விடியற்காலையில் கழுத்தில் போட்டிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டாராம். மெத்தையெல்லாம் ரத்தமாகி, இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள்.

"மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஆள் இருக்கு, எனக்குக் கேக்குது" என்று அவர் மூச்சு வாங்கினார். பிறகு அவளைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். பயப்படாதீங்க, கதவத் தொறந்துடுவேன்."

நாற்பது வருஷத்தில் அவளை அவர் 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

"எல்லாம் ஆபரேஷன் குழப்பம்மா. நாலு நாள்ல பழையபடி ஆயிடுவாரு" என்று மகன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். எந்தப் பழையபடி என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதில் பாதி இவள் கட்டி நிறுத்தியது. பாவி, நானே இவரைக் கட்டிப் போட வைத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இப்போதாவது சொல்லிவிடலாம். சொன்னால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது?

அதற்குள் மயக்க மருந்து டாக்டர் வந்துவிட்டாள். கட்டிலருகே குனிந்து, "ஐயா, என்னைத் தெரியுதா? இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

அவர் விழித்தார். அந்தக் கண்ணுக்கு எல்லாம் மறந்திருந்தாலும் எங்கே தேட வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. டாக்டரின் தோளுக்கு மேலே அவளைத் தேடிப் பிடித்து, வாயருகே வந்து நின்றது. அவளும் பழக்கதோஷத்தில் உதட்டை அசைத்தாள். சனி. சனி. அவர் காத்திருந்தார்.

அவர் எங்கே பார்க்கிறார் என்று டாக்டர் மெல்லத் திரும்பினாள். அவள் வாயை மூடிய மாஸ்க் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இன்னும் அசைந்துகொண்டிருந்தது.