இரண்டு மணி ஷிப்டுக்கு ஆள்

ஆலைக்கதவு பூட்டப்பட்ட பத்தொன்பதாம் நாள், மதியம் இரண்டு மணிச் சங்கு ஊதி முடிப்பதற்குள், உலைக்காரரின் மனைவிக்கு இருந்த மூச்சுத்திணறல் எதிர்வீட்டு மெக்கானிக்கின் நெஞ்சுக்கு மாறிப்போனது. மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆறு பேர். ஒருவர்கூடப் பொய் சொல்கிற ஆள் இல்லை. மெக்கானிக் மட்டும் கொஞ்சம் அளந்துவிடுவார், ஆனால் அன்றைக்கு அவரால் வாயைத் திறக்கவே முடியவில்லை.

பூட்டு எதற்கு விழுந்தது என்று ஊருக்கே தெரியும். அது கண்ணாடி பாட்டில் செய்கிற ஆலை. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது; அதற்கு வீட்டுக்கொரு மஞ்சள் அட்டை. இனி அட்டை தொழிலாளிக்கு மட்டும்தான், பெண்டாட்டி பிள்ளைக்குக் கிடையாது, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வா என்றது நிர்வாகம். என்ன ஒரு நல்ல மனசு! எவரும் போடவில்லை. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனவர்கள் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பினார்கள். உலைக்காரரின் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அட்டை செல்லாது என்று ஆஸ்பத்திரி அவளைத் திருப்பி அனுப்பியது. கட்டிலில் சாய்ந்தவளுக்கு நாளுக்கு நாள் உதடு நீலம் பாரித்தது.

அந்த ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. உலை முன்னால் நிற்கிறவன் சங்கு ஊதிவிட்டது என்று நகர்ந்துவிட முடியாது. அடுத்த ஷிப்டுக்காரன் வந்து தோளைத் தட்டி, "நான் பாத்துக்கறேன், நீ போ" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை தலையே போனாலும் அங்கேயேதான். அன்று நலம் விசாரிக்க வந்திருந்த மெக்கானிக்குக்கு, பூட்டிய ஆலையில் சங்கு மட்டும் தானாக ஊதியதும், இருபது வருஷ ஆலைப் பழக்கத்தில் கை முந்திக்கொண்டது. அவள் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டார். அவள் எழுந்து நடந்தாள். அவர் கட்டிலில் விழுந்தார்.

எட்டு மணி நேரம் கழித்து அவர் தம்பி தட்டி வாங்கிக்கொண்டான். மறுநாள் டீக்கடைச் சுவரில் சங்கத்தார் ஷிப்டுப் பட்டியல் ஒட்டினார்கள். முதலில் ஆலைக்காரர்கள், பிறகு ஆலைக்குள் கால் வைத்தே அறியாத டெய்லர், சலூன்காரர், தபால்காரர், பள்ளிக்கூட ஆயா.

பயம் இல்லாமலா? பயந்து செத்தோம். நோய் பங்கு போட்டுக்கொண்டு வரவில்லை. ஒவ்வொருவரிடமும் முழுதாகத்தான் வந்தது. முறை முடித்தவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முறை வரப்போகிறவர்களுக்கு இரண்டு நாள் முன்பே சோறு இறங்கவில்லை. சலூன்காரர் தன் வீடு, நிலமெல்லாம் யாருக்கு என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். அவருக்கு வீடும் கிடையாது நிலமும் கிடையாது என்பது வேறு விஷயம். எல்லாரையும்விட அதிகம் நடுங்கியவள் உலைக்காரரின் மனைவி. முன்பு தன் ஓர் உயிருக்குப் பயந்தவள், இப்போது தெருவில் இருக்கிற அத்தனை உயிருக்கும் பயந்தாள். அடுப்பில் எதைக் கிளறினாலும் கை பாதியில் நிற்கும். "இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்பாள்.

ஏழாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டெய்லருக்குப் பிறகு இரண்டு மணிக்கு வரவேண்டியவர் லாரி டிரைவர். ஊரிலேயே பெரிய மீசை அவருடையது. மணி இரண்டானது, மூன்றானது, ஆளைக் காணவில்லை. எட்டு மணி நேரம் தாண்டினால் அந்த மூச்சுத்திணறல் முறுக்கேறும் என்று எல்லாருக்கும் தெரியும். டெய்லருக்கு நகம் கறுத்துவிட்டது. நிறைமாதமாக இருந்த அவர் மனைவி எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அறையில் இருபது பேர் இருந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு கைகூட எழவில்லை.

உலைக்காரரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "வேணாம் அண்ணி, தாங்கமாட்டீங்க!" என்று மெக்கானிக் கத்தினார்.

"யாரு வீட்டுச் சாமான் இது? என்னோடதுதானே? தள்ளு" என்றாள்.

டெய்லர் தோளைத் தட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் சுருண்டு விழுந்தாள். கண் மேலே சொருகிவிட்டது. அந்தச் சமயத்தில் உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு லாரி டிரைவர் ஓடிவந்தார். காலையிலிருந்து தன் லாரிக்கு அடியில் ஒளிந்திருந்தாராம். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே, "நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க போங்க" என்று தட்டினார். அதற்குப் பிறகு பட்டியலில் ஒருவரும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை.

ஒன்பதாம் மாதம் சங்கத்தார் பட்டியலில் மேனேஜர் பெயரையும் சேர்த்து, வியாழக்கிழமை இரண்டு மணி ஷிப்டு என்று பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். புதன்கிழமை பூட்டு திறந்தது. மஞ்சள் அட்டை பெண்டாட்டி பிள்ளை பெயரோடு பழையபடி வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, நோயே இல்லையே என்றார்.

"இப்ப தபால்காரர்கிட்ட இருக்கு டாக்டர்."

"அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க."

"அவருக்கு அட்டை கிடையாதே."

டாக்டர், கத்தி வைக்கிற நாளில் காலை ஆறு மணி ஷிப்டை அவளே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக்கொடுத்தார். அன்று காலை அவள் தபால்காரரின் தோளைத் தட்டித் தன் நோயைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் உள்ளே போனாள். தெரு முழுக்க வராந்தாவில் நின்றது.

அன்றைய இரண்டு மணி ஷிப்டு லாரி டிரைவருக்கு. ஆலைச் சங்கு அங்கே கேட்காது. ஒன்றரையிலிருந்தே கடிகாரத்துக்கு அடியில் நின்றார். சரியாக இரண்டுக்கு, மயக்கம் தெளியாமல் கிடந்தவளின் தோளைத் தொட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. வால்வைச் சரிபண்ணியாயிற்று, இனி வராது, வீட்டுக்குப் போங்கள் என்று நர்ஸ் இரண்டு தரம் சொன்னாள். ஆள் மாற்றாமல் எப்படிப் போவது என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பத்து மணிக்கு டெய்லர் வந்து அவர் தோளைத் தட்டினார்.