டிரம் இல்லாத பாட்டு

அந்த இசையில் அவருக்குப் பிடித்ததே அதிலிருந்த காலியிடம்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மொட்டைமாடி மோட்டார் அறைகளில் இரும்பு கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிறவர். வீட்டில் டிவி சத்தத்தைக்கூடப் பொறுக்க மாட்டார். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘காது’. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடினாரென்றால், உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார்.

மனைவியின் தம்பி விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கிறவன். சில வாரங்களுக்கு முன் அவர் போனில் கொஞ்சம் பாட்டு ஏற்றிக் கொடுத்தான்.

“ஜப்பான்காரங்க வாசிக்கிற ஆசிட் ஜாஸ், அத்தான். சும்மா கேட்டுப் பாருங்க.”

“ஆசிட்டா? எதுக்குடா, அவர் காதுல ஊத்தவா?” என்றாள் அவன் அக்கா.

பாடுகிறவர் யாருமில்லை. காலுறை போட்ட ஒருவர் அவசரமில்லாமல் படியிறங்குவதுபோல ஒரு பேஸ் கிட்டார். யாருமில்லாத மாடியில் தண்ணீர் சொட்டுவதுபோல ஒரு மின்சாரப் பியானோ. எப்போதாவது ஒரு டிரம்பெட் மூச்சு விடும், பிறகு யோசித்துக்கொண்டு நின்றுவிடும். இடையே ஒன்றுமே இல்லை. கரண்ட் போன மோட்டார் அறையில் திடீரென்று இறங்குமே ஒரு குளிர்ச்சி, அதுபோல. பஸ்ஸில் அதைக் கேட்டபடி இறங்கவேண்டிய நிறுத்தத்தை இரண்டொரு முறை தவறவிட்டார். தான் பார்த்தேயிராத ஒரு ஊரின் ஈரத் தெருக்களில் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு எழுந்தபோது போன் அடித்தது. முந்தின நாள் அவர் சோதித்து, எல்லாம் சரி என்று கையெழுத்திட்ட அடுக்குமாடியின் காவல்காரம்மா.

“சார், லிஃப்ட் இன்னும் கத்துது சார். கொசு மாதிரி, மெல்லிசா.”

“நேத்தே சொன்னேனேம்மா. நானே வெச்சுக் கேட்டேன். மோட்டார் பட்டு மாதிரி ஓடுது. கொசு உங்க காதுலதான் இருக்கு.”

“எனக்கு மட்டும்னா பரவால்ல சார். ஆறாவது மாடிப் பாப்பாகூடக் காதைப் பொத்திக்கிட்டுத்தான் ஏறுது.”

“சரி, நாளைக்கு வர்றேன்” என்று வைத்துவிட்டார்.

சாப்பிட வந்திருந்த மச்சான் லேப்டாப்பில் அவர் கேட்டபடி அந்தப் பாட்டைப் போட்டான். வெளியே மழைக்கு முந்தைய இருட்டு. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இவங்க டிரம் அடிக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்காம அனுப்பிட்டாங்க போல. அதனாலதான்டா இவ்வளவு நல்லாருக்கு.”

மச்சான் சிரித்தான். பிறகு அவர் கேலி செய்யவில்லை என்று புரிந்தது.

“அத்தான், டிரம் இருக்கே. தோல்மேல பிரஷ் வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்காரு. கூடவே சிம்பல் தட்டு வேற போகுது. ஆரம்பத்துலேருந்து.”

“எங்கடா?”

“இதோ. இப்ப. நிக்கவே இல்லையே.”

“ஸ்ஸ்... ஸ்ஸ்னு வருதே, அதைத்தானே சொல்ற?” என்றாள் மனைவி, துணி தேய்த்தபடி. “மொத நாள் நான் குழாய்தான் ஒழுகுதோன்னு எழுந்து போய்ப் பாத்தேன்.”

“அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை ஓட்டுறீங்களா?”

மச்சான் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பாட்டிலிருந்து மற்ற ஒலிகளை ஒவ்வொன்றாக வடித்தான். பேஸ் போனது. பியானோ போனது. ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டான்.

அவர் காத்திருந்தார். “ம், போடு.”

“போட்டுட்டேன் அத்தான்.”

திரையில் ஒரு பச்சைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. ஹெட்போனிலிருந்து கசிந்த ஏதோ ஒன்றுக்கு மனைவியின் விரல் இஸ்திரி மேஜையில் தாளம் போட்டது. அவருக்குள் நிசப்தம். இத்தனை நாளாக அவர் நடந்து திரிந்த அதே குளிர்ந்த நிசப்தம்.

விரல் நின்றது. “என்னங்க? ஏன் முகம் இப்படிப் போச்சு?”

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காவல்காரம்மாவை அழைத்தார்.

“அம்மா, போனை லிஃப்ட் கதவுகிட்ட புடிங்க. அப்படியே.”

போனைக் காதில் அழுத்திக்கொண்டார். கயிறு ஓடும் கனத்த உறுமல் தெளிவாகக் கேட்டது. அதற்குமேல் ஒன்றுமில்லை. போனை மச்சானிடம் நீட்டினார்.

“நீ கேளு.”

மச்சான் கேட்டதும் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தான். “கண்ணாடியில ஆணி கிழிக்கிற மாதிரி இருக்கு அத்தான். இது உங்களுக்கு...”

அவர் போனைப் பிடுங்கினார். லிஃப்ட் பெட்டி ஒன்றும் கீழே விழாது, அதைப் பிடிக்க ஏற்பாடு உண்டு. ஆனால் பேரிங் நொறுங்கிக் கயிறு ஓடும் சக்கரம் சாய்ந்தால் கயிறு தடம்புரளும். அதன்பிறகு நடப்பதை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார், உள்ளேயிருந்தவரை வெளியே எடுத்தபோது.

“உள்ள யாரும்மா இருக்காங்க?”

“ஆறாவது மாடிக்காரங்க சார். பாப்பாவும் அவங்கம்மாவும். இப்பத்தான் மேல போறாங்க.”

“போய்ச் சேரட்டும். அவங்க இறங்கினதும் மெயினை ஆஃப் பண்ணுங்க. நடுவுல பண்ணிடாதீங்க. வேற யாரையும் ஏத்தாதீங்க.”

ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். மற்ற இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று மனைவி முகத்தைச் சுளித்தாள். மச்சான் தோளைக் குறுக்கிக்கொண்டான். அவருக்கு அந்த உறுமல் மட்டும் சீராக, பட்டு மாதிரி.

“சத்தம் கூடுதா?” என்று கேட்டார்.

மனைவி ஆமென்று தலையசைத்தாள்.

உறுமல் நின்றது. அது மட்டும் அவருக்கும் தெரிந்தது. வெகுநேரம் படிகளில் ஏறி இறங்கும் காலடிகள். பிறகு காவல்காரம்மாவின் குரல் மூச்சு வாங்கியது. “இறங்கிட்டாங்க சார். ஆஃப் பண்ணிட்டேன். மேல ரூம்லேருந்து ஏதோ கருகின வாடை வருதாம்.”

“யாரும் மேல போக வேண்டாம். ஆள் வருவாங்க.”

மனைவி அவர் தோளைத் தொட்டாள். “கடவுள் காப்பாத்திட்டார். டாக்டர்கிட்ட நாளைக்கே போலாம். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. சூப்பர்வைசரின் எண்ணை அழுத்தினார். நேற்று தான் பார்த்த லிஃப்டுகளையெல்லாம் உடனே நிறுத்தி, வேறு ஆள் வைத்துச் சோதிக்கவேண்டும் என்றார். தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றும் சொன்னார்.

“என்னய்யா விளையாடுறியா? சரி, சரி. நேத்து பாத்ததை மட்டும் நிறுத்தினாப் போதுமா?”

“நேத்து மட்டும் இல்ல சார்.”

“பின்ன எப்பலேருந்து?”

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு அப்பால் அடுக்குமாடிகள் அடர்ந்து நின்றன. அவற்றில் பலவற்றின் மோட்டார் அறைச் சாவி எங்கே தொங்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் இந்த நேரத்தில் யாரோ பொத்தானை அழுத்திவிட்டு நின்றுகொண்டிருப்பார்கள்.

“கேக்குறேன்ல? எப்பலேருந்துய்யா?”

“தெரியல சார்” என்றார். “எல்லாத்தையும் நிறுத்துங்க.”