கோழியின் பெயரில் அனுப்பிய செய்தி

1.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர் அசோக், தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக என்னிடம் ஒரு சிறுநூல் கேட்டார். கணினி வலையமைப்பு என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, அவ்வளவுதான். "கதையெல்லாம் வேணாங்க, வெவரம் மட்டும் போதும்," என்று கும்பிட்டுச் சொன்னார். என்னை நன்றாகத் தெரிந்தவர்.

ஆகவே ஒழுங்காகத்தான் தொடங்கினேன்:

கணினி வலையமைப்பு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள், தகவலையும் வளங்களையும் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு ஒன்றோடொன்று

[இங்கே நின்றுவிட்டது. 'பகிர்ந்துகொள்ளும் பொருட்டு' என்று எழுதியதும் ஆண்டிமடம் ஞாபகம் வந்தது.]

ஆண்டிமடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மதியம், ஒரு பெண் தன் வீட்டுக் கொல்லையில் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண் அண்டாவைத் திட்டினாள். கோழிக்கும் அண்டாவுக்கும் என்ன வாய்க்கால் தகராறா? ஒன்றுமில்லை. இவள் கோழிக்குச் சொன்னது அவளுக்கு, அவள் அண்டாவுக்குச் சொன்னது இவளுக்கு. சாடை பேசுவது என்பார்கள். நேருக்கு நேர் பேச்சு முறிந்த வீடுகளுக்கு நடுவே ஓடும் பேச்சு அது. பையில் பாதி எழுதிய வலையமைப்புப் பாடத்தை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். என்னிடம் இருப்பது அந்தக் கோழி மட்டும்தான். மற்றதெல்லாம் கற்பனை.

2.

உடையார்பாளையம் பக்கத்து ஊர். பெயர் வேண்டாம், யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருக்கிறார்கள். இந்தப் பாதியில் அண்ணன் நல்லுசாமியும் மனைவி சாந்தாவும். அந்தப் பாதியில் தம்பி ராசாங்கம், அவர் மனைவி அம்சவள்ளி, ஒரே மகள் பூவிழி. கொல்லைப்புறச் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குரல் தாண்டும், ஆள் தாண்ட முடியாது.

சாந்தாவின் மகன் அறிவழகன் சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் கேபிள் இழுத்து வைஃபை பெட்டி ஒன்றை மாட்டினான். அவன் சென்னைக்குத் திரும்பிப் போனான், பெட்டி தங்கிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். பூவிழி பிளஸ் டூ முழுக்க அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்துதான் படித்தாள்.

[அசோக்குக்காக: வலையமைப்புகளைப் பரப்பளவை வைத்துப் பிரிப்பார்கள். செல்போனும் காதில் மாட்டும் கருவியும் பேசிக்கொண்டால் அது தனிநபர் வலை. ஒரு வீடு, ஓர் ஆபீஸ் அளவுக்குள் என்றால் உள்ளூர் வலை. ஒரு நகரம் முழுக்க விரிந்தால் மாநகர வலை. நாடு, கடல் எல்லாம் தாண்டினால் அகன்ற பரப்பு வலை, அதில் எல்லாவற்றிலும் பெரியது இணையம். சாந்தா வீட்டுப் பெட்டி உள்ளூர் வலை. வடிவத்தில் அது விண்மீன் அமைப்பு: நடுவில் ஒன்று, மற்றதெல்லாம் அதைப் பார்த்தபடி. நடுவில் இருப்பது படுத்தால் எல்லாம் படுத்துவிடும். நல்லுசாமி தன்னைத்தான் அந்த நடுப்பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.]

3.

இந்தப் பகுதியை நீக்கிவிடும்படி ஒருவர் சொன்னார். ஆட்டுக்கும் வலையமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். நீக்க மாட்டேன்.

பூவிழி சிறுபிள்ளையாக இருந்தபோது இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிடா வளர்ந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கட்டிப்போட்டால் நிற்காது. காலையில் கிளம்பினால் வீடு வீடாக நுழைந்து, பானையை முகர்ந்து, தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். பின்னால் பிள்ளைகள் கூட்டம். "பெரியம்மா, இது கலெக்டரு. எல்லா வூட்டையும் ஆய்வு பண்ணுது!" என்று பூவிழி சொன்னாள். அன்றிலிருந்து அதன் பெயர் கலெக்டர்.

குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா. பூசையில் அதை அறுத்த அன்று பந்தியில் பூவிழி உட்காரவில்லை. சாந்தாவும் தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். சமையல்கட்டின் பின்னால் இரண்டு பேரும் ஒரே தட்டில் ரசஞ்சோறு தின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

4.

இனிச் சண்டை. முந்திரிக்காட்டின் எல்லையில் ஒரு மரம். தன் பக்கம் என்று ராசாங்கம் ஜேசிபி வைத்துப் பெயர்த்தார். தன் பக்கம் என்று நல்லுசாமி கத்தினார். ஆண்கள் மரத்தோடு நிறுத்தியிருப்பார்கள். அம்சவள்ளி ஓரகத்தியைப் பார்த்து, "பொறந்த வூட்லேர்ந்து ஒரு சொம்பு கொண்டாந்திருப்பியா நீ? பேச வந்துட்ட!" என்றாள். அந்தச் சொம்பு சாந்தாவின் நெஞ்சில் இன்றைக்கும் உருண்டுகொண்டிருக்கிறது.

நல்லுசாமி கற்பூரத்தைக் கொளுத்தினார். அந்த வீட்டோடு பேச்சு கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று சொல்லிக் கையால் அணைத்தார். சாந்தாவையும் அணைக்கச் சொன்னார். அவளும் அணைத்தாள், கோபத்தோடுதான். அடுத்து, "அந்த வைஃபைக்குப் பாஸ்வேர்ட மாத்து. நம்ம காசுல அவ பொண்ணு படிக்கணுமா?" என்றார்.

அறிவழகன் சென்னையிலிருந்து போனில் வழி சொன்னான். "எட்டு எழுத்துக்குக் கொறையாம வைம்மா. மத்தவங்க கண்டுபிடிக்க முடியாததா இருக்கணும்."

சாந்தா வைத்தது அந்த ஆட்டின் பெயர். இங்கிலீஷில் எழுதத் தெரியுமா என்று கேட்காதீர்கள். பத்தாவது படித்தவள், அரியலூரில் அந்த ஆபீஸ் பலகையை எத்தனையோ தடவை பார்த்தவள்.

[ஏன் அந்தப் பெயரை வைத்தாள்? சாந்தா வேண்டுமென்றேதான் அந்தப் பூட்டில் ஒரு சந்து விட்டுவைத்தாள், அவள் மனசு அத்தனை

இல்லை. இந்த வாக்கியத்தை விடுகிறேன். அவளை இப்படிப் புனிதவதி ஆக்கினால் நானே நம்பமாட்டேன். அந்த நேரத்தில் வேறு பெயர் தோன்றாமலும் இருந்திருக்கலாம்.]

5.

ஆடி கழிந்த ஒரு நாள். மதியம் சூறைக்காற்று அடித்துப் புளியமரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்தது. பஸ் இல்லை, கரண்ட் இல்லை, செல்போன் டவர் செத்துவிட்டது. சாந்தா வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. [கேபிள் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். நான்தான் தப்பவைத்தேன். கதை எழுதுகிறவருக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?]

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. பூவிழிக்குக் கவுன்சலிங்கில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் இடம் வந்திருந்தது, கம்ப்யூட்டர் படிப்பு. சம்மதம் என்று மாலை ஐந்து மணிக்குள் போனில் அழுத்தியாக வேண்டும்.

"அமுக்கலன்னா சீட்டு போயிடுமாம்மா?" அம்சவள்ளியின் குரல் இறங்கியிருந்தது.

"போயிடும்மா. வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"அப்பா ரோடு தொறந்துட்டாங்களான்னு பாக்கத்தான் போயிருக்காரு, அழுவாத."

இந்தப் பக்கம் நல்லுசாமி ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சூறைக்காற்றால் காட்டுக்குப் போகாத மனுஷன், கொல்லைக் கதவைப் பார்த்தபடி. மணி நாலரை தாண்டிவிட்டது.

சாந்தா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். ஒரு துண்டுக் காகிதம் போதும், சுவருக்கு மேல் எறிந்தால் முடிந்தது. ஆனால் எறிவது கொடுப்பது. சொல்வது பேச்சு. அணைத்த கற்பூரத்தின் சூடு உள்ளங்கையில் இன்னும் இருப்பதுபோல அவளுக்குப் பட்டது. சாமி குத்தம் மகன் தலையில் விழும் என்று நம்புகிறவள். அதே சமயம் பூவிழியும் அவள் தூக்கி வளர்த்த பிள்ளைதான்.

அப்போது கோழி வந்தது. [அதே ஆண்டிமடத்துக் கோழி.]

6.

"ஏய் மூதேவி! கூப்புடாத வூட்டுல வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" சாந்தா துடைப்பத்தை ஓங்கினாள். குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது.

நல்லுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷம். "நல்லாக் குடு," என்றார்.

"இந்த வூட்டுல முன்ன ஒரு ஆடு நின்னுச்சு, ஒனக்குத் தெரியுமா? நெத்தியில வெள்ளச் சுட்டி! வூடு வூடாப் போயி விசாரிச்சுட்டு வரும். அதுக்கு இருந்த புத்தி ஒனக்கு இருக்கா, குப்ப கெளறி?"

[அசோக், இதைக் கட்டாயம் பாடத்தில் சேர்க்க வேண்டும். பழைய வகை உள்ளூர் வலையில் ஒரு கணினி அனுப்பும் செய்தி இணைந்திருக்கும் எல்லாவற்றுக்கும் போகும். யாருடைய முகவரி அதில் இருக்கிறதோ அது மட்டும் எடுத்துக்கொள்ளும், மற்றவை விட்டுவிடும். இன்னொன்று: செய்தி முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக நறுக்கி, பொட்டலம் பொட்டலமாகப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் கோர்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். சாந்தா அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை.]

சுவருக்கு அந்தப் பக்கம் அண்டா உருண்டது. "ஏ அண்டா! செத்துப்போன ஆட்டுக் கதைய எல்லாம் ஊருக்கு ஒப்பிக்கிறாளுவ, கேட்டுக்க! நாங்க இங்க வேகறது பத்தாதுன்னு எரியற நெருப்புல எண்ணெய ஊத்துறாளுவ!"

அம்சவள்ளிக்குப் புரியவில்லை. அவளுக்கு அது வெறும் வசை. அவள் போட்ட கூச்சலில் சாந்தாவின் அடுத்த வார்த்தை அமுங்கிப்போனது. [பாடத்தில் இதற்கு இரைச்சல் என்று பெயர். செய்தி கெட்டுப்போனால் மறுபடி அனுப்ப வேண்டும்.]

சாந்தா மறுபடி அனுப்பினாள். தொண்டை கிழிந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. கோழி எப்போதோ ஓடிவிட்டது. வெறும் மண்ணைப் பார்த்துக் கத்தினாள்.

"அத அறுத்த அன்னிக்கு நான் ரசஞ்சோறு தின்னவடி! அது பேரச் சொன்னா இன்னிக்கும் என் வூட்டுக் கதவு தொறக்கும்! ஒன் பேரச் சொன்னா எவ வூட்டுக் கதவு தொறக்கும்?"

அம்சவள்ளி மறுபடி வாயெடுத்தாள். "ஏ அண்டா, பாத்தியா இவ..."

"அம்மா!" பூவிழியின் குரல். "செத்த சும்மா இரும்மா!"

துவைக்கிற கல் பக்கம் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். எழுதுகிறவர் தன் ஆளைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு இந்தச் சாந்தாவை அவ்வளவு பிடித்துவிட்டது. சத்தியமும் மீறவில்லை, சொம்பையும் மன்னிக்கவில்லை, பிள்ளையையும் விடவில்லை.

7.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

பூவிழி அழுத்திவிடுகிறாள், சீட்டு உறுதியாகிறது, இரண்டு குடும்பமும் கோயில் வாசலில் கட்டிப்பிடித்து அழுகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

ஐந்து மணி தாண்டிவிடுகிறது. இதையும் எழுதினேன். ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை, கிழித்துவிட்டேன்.

மூன்றாவதைக் கிழிக்க மனமில்லை, அதனால் அப்படியே வைக்கிறேன். சாந்தா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். நல்லுசாமி அவளை ஒரு கணம் பார்த்தார். ஆட்டை நேர்ந்துவிட்டதும் அவர்தான், அதன் பெயரும் அவருக்குத் தெரியும். எழுந்துபோய், வேர்த்துக்கொண்டிருந்த மனுஷன், ஃபேனை நிறுத்தினார்.

"இன்வெர்ட்டரு தாங்கணும்ல," என்றார்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. அசோக்கின் பாடமும் முடியவில்லை. தொலைவு, வடிவம் என்று வகை பிரித்தேன். ஒரே ஒரு கொல்லைச் சுவரைக் கடக்க ஓர் ஆடும் ஒரு கோழியும் ஓர் ஆயுள் பழக்கமும் வேண்டியிருந்த இந்த வலையை எந்த வகையில் சேர்ப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம், துவைக்கிற கல்லின் மேல் பூவிழி உட்கார்ந்திருக்கிறாள். போன் திரையில் பெரியம்மா வீட்டு வைஃபையின் பெயர், பக்கத்தில் ஒரு பூட்டுப் படம், கீழே ஒரு காலிக் கட்டம். ஐந்து அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசிக்கிறாள்.

நான் சொல்லித்தர முடியாது. நானும் சாந்தாவோடு சேர்ந்து கற்பூரம் அணைத்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் அணைக்கவில்லை. மூன்றாம் பகுதியைப் படித்தும் இருக்கிறீர்கள்.

கட்டத்தில் முதல் எழுத்தை நீங்கள் போடுங்கள்.