இரண்டாவது மனு

முதல் மனுவை எழுதியபோது அபிதகுஜாம்பாள் பக்கம் நியாயம் இருந்தது. அஸ்தினாபுரத்தில் அவள் வீட்டுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட கொட்டகையில் நசீருதீன் கிரில் பட்டறை நடத்திவந்தார். காலை எட்டு மணிக்குக் கட்டர் இரும்பில் இறங்கினால், சாயங்காலம் ஆறு மணிவரை அந்தத் தெருவில் யாரும் வாசலில் நின்று பேச முடியாது. அவள் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர். விடுமுறை நாளில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரே தாளை மூன்று முறை கூட்டுவாள். மூன்று முறையும் வேறு வேறு மதிப்பெண் வரும்.

2006 ஜூலையில் ஒரு ப்ரௌசிங் சென்டருக்குப் போய், ஒலி மாசு விதிகளை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபல், இரவில் நாற்பத்தைந்து. தெருவில் இருபத்துமூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி நகராட்சியில் கொடுத்தாள். சுகாதார ஆய்வாளர் யேசுதாசன் ஒரு பொறியாளரோடு வந்தார். பொறியாளர் அவள் வாசலில் நின்று மீட்டரை நீட்டினார். எழுபத்துநான்கு காட்டியது. குடியிருப்பில் இரும்பு வெட்டக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது என்று நசீருதீனுக்கு நோட்டீஸ் வந்தது.

அவர் சண்டைக்கு வரவில்லை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஜெயவேலு என்ற நண்பரின் ஷெட்டில் பாதியை வாடகைக்கு எடுத்து, கட்டரையும் வெல்டிங் மெஷினையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். முடிந்த கிரில்களுக்குப் பெயிண்ட் அடிக்க மட்டும் எதிர்க் கொட்டகையை வைத்துக்கொண்டார். ஸ்ப்ரே அடிக்க அங்கே ஒரு சின்ன கம்ப்ரஸர் இருந்தது.

கட்டர் போனபிறகுதான் அபிதாவுக்கு அந்த இன்னொரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. மெல்லிய, விடாத ரீங்காரம். யாரோ ஒரு மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோன மாதிரி. காலையில் பால் காய்ச்சும்போது இருந்தது. பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது இருந்தது. படுத்தால் இன்னும் தெளிவாக இருந்தது.

"கம்ப்ரஸரை ஆஃப் பண்றதே இல்ல போலிருக்கு," என்றாள் கணவரிடம்.

சாம்பசிவன் பேப்பரைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"உங்களுக்கு என்னிக்குக் கேட்டிருக்கு."

எந்தச் சத்தத்திலும் தூங்குகிறவர் அவர். அதனால் அவர் பேச்சை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைச் சாத்துவாள், திறப்பாள். மொட்டை மாடிக்குப் போவாள், உடனே இறங்குவாள். வகுப்பில் ஒரு பெண் சந்தேகம் கேட்டபோது, பலகையில் பாதிக் கணக்கோடு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு தடவை எதிர்க் கொட்டகைக்குப் போய்க் கேட்டாள். இரண்டு தடவையும் நசீருதீனின் மனைவி பஷீராதான் வெளியே வந்தாள்.

"கம்ப்ரஸர் ஓடலியே டீச்சர். வந்து பாருங்களேன்."

"நான் வர்றது தெரிஞ்சு நிறுத்தியிருப்பீங்க."

பஷீரா அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நவம்பரில் இரண்டாவது மனு போனது. இந்த முறை அவள் ஒருத்தி கையெழுத்துதான். ஏற்கெனவே நோட்டீஸ் வாங்கிய இடம், மறுபடியும் புகார். திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கொட்டகையைப் பூட்டி சீல் வைப்பதென்று உத்தரவாயிற்று.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். தெரு முழுக்க ஃபேன் நின்றது. அபிதா விடைத்தாள் கட்டோடு வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். சத்தம் இருந்தது.

எதிரே ஷட்டர் இறங்கிப் பூட்டியிருந்தது. ஒருவேளை ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்களோ? தெருவைக் கடந்து போய் ஷட்டரில் காதை வைத்தாள். வெயிலில் தகரம் சுட்டது. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தெருக்கோடிவரை நடந்தாள். அங்கேயும் இருந்தது. வீடுகள் முடிந்து ஏரிக்கரை தொடங்கும் இடத்துக்கு வேக வேகமாக நடந்தாள். நாலைந்து எருமைகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. அதே ரீங்காரம், அதே அளவு.

இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கி மூடினாள். வண்டி, காக்கை, காற்று எல்லாம் அடங்கின. அது மட்டும் பெரிதாயிற்று.

அன்று சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலைந்து முறை சாம்பசிவனிடம் பேச வாயெடுத்து, வேறு எதையோ கேட்டுவிட்டு எழுந்து போனாள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு கடிதம் போதும். ஆனால் காரணம் கேட்பார்களே? எழுபத்துநான்கு டெசிபலை நிரூபித்தவள், இல்லாத சத்தத்துக்குப் புகார் கொடுத்தாள் என்று தெரு முழுக்கப் பேசும். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்தபோதுதான் அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்தது.

திங்கட்கிழமை முதல் பீரியடை முடித்துவிட்டு, பர்மிஷன் எழுதிக் கொடுத்து நகராட்சிக்குப் போனாள். யேசுதாசன் ஜீப்பில் கிளம்பிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்றார்கள். ஆட்டோ பிடித்தாள்.

தெருவுக்குள் நுழையும்போதே கூட்டம் தெரிந்தது. ஷட்டரை இறக்கிப் பூட்டியாகிவிட்டது. ஒரு ஊழியர் பூட்டின்மேல் துணி சுற்றிக்கொண்டிருந்தார், இன்னொருவர் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். பஷீரா முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி யேசுதாசனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"உள்ள பன்னெண்டு பால்கனி கிரில் கீது சார். நாளைக்குக் கேளம்பாக்கம் பில்டிங்குக்குப் போவணும். அதையாவது எடுத்துக்க வுடுங்க."

"எங்கிட்ட ஆர்டர் இருக்கும்மா. நான் இன்னா பண்றது?"

அபிதா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். "சார், நிறுத்துங்க. சத்தம் அங்கேர்ந்து வரல."

யேசுதாசன் திரும்பினார். "நீங்கதானே டீச்சர் எழுதிக் குடுத்தீங்க?"

"நான்தான். அது என் காதுல கேக்கிற சத்தம். சனிக்கிழமை கரண்ட் இல்லாதப்பவும் கேட்டுது. ஏரிக்கரையிலயும் கேட்டுது. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவள் எதிர்பார்த்தது சிரிப்பைத்தான். பக்கத்து வீட்டு ராஜகோபால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். யேசுதாசன் தன் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவிக் கொடுத்தார்.

"இப்ப சொன்னதை அப்டியே எழுதுங்க. காரணம் இல்லாம நான் கமிஷனர்கிட்ட போய் நிக்க முடியாது."

ஜீப்பின் பானெட்டில் தாளை வைத்து எழுதினாள். 'மேற்படி சத்தம் எனது செவியில் உண்டானது என்பதை அறிந்துகொண்டேன்' என்ற வரியில் எழுத்து கோணியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஊழியர்கள் பூட்டைத் திறந்தார்கள்.

ஜீப் போனபிறகு பஷீராவிடம் போனாள். "பஷீரா, என்னை..."

"ரெண்டு வாட்டி வந்து பாருங்கன்னு சொன்னேன் டீச்சர்," என்றாள் பஷீரா. "நீங்க வாசப்படியே ஏறல."

சாயங்காலம் திருமுடிவாக்கத்திலிருந்து வந்த நசீருதீன் நேரே இவள் வீட்டுக் கேட்டில் வந்து நின்றார். சட்டையில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. சாம்பசிவன் உள்ளே வரச் சொன்னார். நசீருதீன் சங்கடப்பட்டு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். வழக்கம்போல உரத்த குரலில் பேசினார்.

"டீச்சர், காதுல கேக்குதுன்னீங்களாமே. வண்டு சுத்துற மாரியா?"

"ஆமா பாய். மோட்டார் மாதிரி."

"எனக்குப் பதினஞ்சு வருசமா கேட்டுக்கினு கீது." அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "சின்ன வயசுல பெரிய பட்டறைல கிரைண்டிங்ல நின்னேன். அப்போ புடிச்சுது. இன்னான்னு யாராண்ட போய் சொல்றது? ஃபேனைப் போட்டுட்டுப் படுத்துருவேன். அந்தச் சத்தத்துல இது கொஞ்சம் அடங்கும்."

அவர் எப்போதும் கத்திப் பேசுவதை முரட்டுத்தனம் என்றே அபிதா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"திருமுடிவாக்கத்துக்கு நீங்க போனதும் என்னாலதான்," என்றாள்.

"அது வேற, இது வேற. மொத மனு சரிதான். வூடு இருக்கிற எடத்துல கட்டர் ஓட்டினது தப்பு. போக வர பெட்ரோல்தான் பேஜாரு." பிறகு தயங்கிச் சொன்னார். "ரெண்டாவதுக்குத்தான் வூட்ல அழுதுட்டா. அவ கொஞ்ச நாள் பேச மாட்டா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

கிரில்கள் மறுநாள் கேளம்பாக்கத்துக்குப் போயின. கட்டர் திரும்பி வரவில்லை. தெருவில் சில வாரம் பேச்சு இருந்தது. காய்கறி வண்டியருகே அபிதா வந்தால் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள்.

டிசம்பரில் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் நாள் வாங்கியபோது, நசீருதீனுக்கும் சேர்த்து வாங்கினாள். அவர் வேண்டாமென்றார். சாம்பசிவன் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தார். சனிக்கிழமை காலை மூவரும் போனபோது, நசீருதீனின் ஸ்கூட்டரில் பின்னால் பஷீராவும் உட்கார்ந்து வந்தாள்.

அபிதாவைப் பரிசோதித்த டாக்டர், நரம்பு சம்பந்தமானது, முழுதாகப் போகாது, பழகிக்கொள்ளலாம் என்றார். உயர்ந்த சுருதிகள் அவளுக்குக் கேட்பது குறைந்திருக்கிறதாம். நசீருதீனை உள்ளே கூப்பிட்டு வெகுநேரமாயிற்று. சாம்பசிவன் மருந்து வாங்கப் போயிருந்தார்.

பெஞ்சில் அபிதாவும் பஷீராவும் மட்டும் இருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. வெளியே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பின. அபிதா கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"இப்பவும் கேக்குதா?" என்று பஷீரா கேட்டாள். முகம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேக்குது."

"அவருக்கும் இப்டியேவா இருந்திருக்கும், பதினஞ்சு வருசமா?"

"இப்படியேதான் இருந்திருக்கும்."

உள்ளே டாக்டர் ஏதோ கேட்க, நசீருதீன் "கேக்கல சார்" என்று சொல்வது கதவு தாண்டி வந்தது. பஷீரா சட்டென்று அபிதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறக்கும்வரை விடவில்லை.