கழன்றுபோன ஒட்டு

ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் அந்த ஒல்லியான கயாக் படகு ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அலைதடுப்புக் கற்களுக்கு இடையில் செருகிக் கிடந்ததைத் துறைமுகத்து ஆட்கள் இழுத்தெடுத்து, சின்ன லாரியில் ஏற்றி, நேராகப் பட்டறையில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். உடைந்த படகு எதுவானாலும் அங்கேதான் வரும். பட்டறைக்காரிக்கு ஒட்டுக்காரம்மா என்று பெயர். ஒரு வாளி ரெசின் பசையும் நாலு முழம் ஃபைபர் துணியும் கொடுத்தால் முறிந்த கல்யாணத்தைக்கூட ஒட்டித் தந்துவிடுவாள் என்று படகுக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

இந்தக் கயாக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியாக இதில் போனவர் அவளுடைய தங்கையின் கணவர். காற்று பலமாக இருக்கிறது, போகாதீர்கள் என்று தங்கை வாசலில் நின்று கத்தியும் கேட்காமல் கிளம்பியவர். மூன்றாம் நாள் உடல் மட்டும் கரை ஒதுங்கியது.

தகவல் தெரிந்து தங்கை வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு எட்டவே நின்றாள்.

"இது தேறுமாக்கா, தேறாதா? தேறும்னா சரி பண்ணி யாருக்காவது குடுத்துடு. தேறாதுன்னா வெட்டிப் போடு. எனக்கு இது ஒழிஞ்சாப் போதும்."

"இரு, பாக்கறேன்."

"அந்த மனுஷனுக்கு இல்லாத புத்தி இதுக்காவது இருந்துச்சே. வந்து சேந்துடுச்சு."

ஏழு மாதமாக அவள் பேச்சு இதுதான். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. புருஷன் பேச்சை எடுத்தாலே திட்டுதான். பிடிவாதக்காரன், பெண்டாட்டி சொல்லை மதிக்காதவன், குடும்பத்தை நட்டாற்றில் விட்டவன். அக்காவும் அதற்கு ஒத்து ஊதினாள். "கிளம்பறவரை யாரு கட்டிப்போட முடியும்?" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னவள் அவள்தான்.

கயாக்கைக் கவிழ்த்து இரண்டு முக்காலிகளின் மேல் வைத்தாள். முனை நொறுங்கியிருந்தது. பக்கவாட்டில் ஒரு முழத்துக்குப் பிளந்து நார் நாராகத் தொங்கியது. அதெல்லாம் கல்லின் வேலை. பாசியைச் சுரண்டித் துடைத்துக்கொண்டே வந்தவள், இருக்கைக்கு நேர் கீழே வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

அங்கே கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. ஒரு நார்கூட இல்லை. கல்லில் மோதிக் கிழியும் ஒட்டு, அடியில் இருக்கும் பழைய ஃபைபரையும் பிய்த்துக்கொண்டுதான் போகும். இது ஸ்டிக்கர் மாதிரி முழுசாக உரிந்து போயிருந்தது. விளிம்பில் அவள் ஆணியால் கீறிய அளவுக்கோடு அப்படியே தெரிந்தது.

போன வருஷம் அவள் போட்ட ஒட்டு. இந்தக் கயாக் எபாக்ஸி என்ற உயர்ந்த ரக ரெசினில் செய்தது; இதன்மேல் எபாக்ஸிதான் நன்றாகப் பிடிக்கும். அன்றைக்கு டப்பாவில் அது தீர்ந்திருந்தது. அவர் அவசரப்படுத்தவும் இல்லை. பட்டறையில் இடத்தை அடைக்கிறதே என்று இவளுக்குத்தான் எரிச்சல். சாதா ரெசினைக் குழைத்துப் பூசி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டாள். வெளியாள் படகாக இருந்தால் செய்திருக்க மாட்டாள். நம்ம வீட்டு ஆள்தானே என்ற அலட்சியம்.

 வெட்டிப் போட்டாலும் இது மறைந்துவிடும், புதுசாக ஒட்டினாலும் மறைந்துவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"தேறாதுடி. வெட்டிடலாம்."

"வெட்டு. காத்தோட மல்லுக்கு நின்னா வேற என்ன ஆகும்? நேத்து என் பொண்ணு கேக்கறா, அப்பா ஏம்மா போனாருன்னு. உன்னையும் என்னையும்விட அவருக்குக் கடல்தான் பெருசுன்னு சொல்லிட்டேன்."

"புள்ளைகிட்ட அப்படியா சொன்னே?"

"வேற என்னத்தைச் சொல்ல?"

அக்கா தங்கை பக்கம் திரும்பினாள். ஈரத்துணியைக் கீழே வைத்தாள்.

"காத்து இல்லடி. அவர் பாக்காத காத்தா? திரும்பி வந்திருப்பார். நடுக்கடல்ல அடி ஒட்டு கழண்டு தண்ணி ஏறியிருக்கு. நான் போட்ட ஒட்டு. நல்ல ரெசின் தீந்துபோச்சுன்னு சாதா ரெசின்ல போட்டேன். பிடிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

தங்கை கிட்டே வந்தாள். ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு இன்னொரு சுற்று.

"ஏழு மாசமா அவரைத் திட்டிட்டு இருக்கேன்" என்றாள்.

விரலை எடுத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜத்தைச் சொல்லு. இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"மெனக்கெட்டா முடியும். ஒரு மாசம் ஆகும்."

"பண்ணாதே. வெட்டவும் வேணாம். இங்கேயே கெடக்கட்டும். நீ தெனமும் பாரு."

தங்கை வெளியே போனாள். கேட்டைத் தாண்டவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. "என்னங்க, என்னங்க" என்று அவள் அவரைக் கூப்பிட்டு அழுவது பட்டறைக்குள் கேட்டது. வாசலில் வேறு யார் இப்படி அழுதிருந்தாலும் அக்கா ஓடிப்போய் அணைத்துக்கொண்டிருப்பாள். இப்போது எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் உள்ளேயே நின்றாள்.